நல்ல கண்ணை மூடியவர்

அவரைப் பற்றி எழுதத் தொடங்குமுன், அவர் ஆரணிக்கு வந்த காலத்தில் நான் எந்த இடத்தில் இருந்தேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும். பின்னால் வருவதை எடைபோட வாசகருக்கு அது தேவைப்படும். நான் விலங்கியலில் முதுகலைப் பட்டம் பெற்றவன். தறிச் சத்தத்தில் விடிந்து தறிச் சத்தத்தில் அடையும் எங்கள் தெருவிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள். மேல்நிலை வகுப்புகளுக்கு இருபத்தைந்து ஆண்டுகள் உயிரியல் கற்பித்தேன். வேலூருக்கும் சென்னைக்கும் வைத்தியத்துக்குப் போய்த் திரும்புவோர், மருத்துவர் எழுதிய சீட்டைத் தம் வீட்டுக்குக்கூடக் கொண்டுபோகாமல் நேரே என்னிடம் கொண்டுவருவார்கள். செய்துகொள்ளலாம் என்று நான் சொன்னால் அறுவைக்கு நாள் குறிப்பார்கள். பொறுக்கலாம் என்றால் பொறுப்பார்கள். ஒரே கேள்வியை என்னிடம் கேட்டுவிட்டு இன்னொருவரிடமும் போய்க் கேட்ட மனிதர் அந்நாளில் எங்கள் ஊரில் கிடையாது. இருந்ததாக நான் அறிந்திருக்கவில்லை என்று இப்போது திருத்தி எழுதுகிறேன்.

அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். பெயரை எழுதப் போவதில்லை. ஊருக்கு அவர் கண்ணாடிக்காரர். இங்கும் அப்படியே இருக்கட்டும். வெம்பாக்கம் பக்கத்து விவசாயக் குடும்பம். சென்னையில் கண் பரிசோதனைக்கான பட்டயப் படிப்பு முடித்து, அங்கேயே பல ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஆரணிப் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு நீண்ட, இருண்ட அறையை வாடகைக்குப் பிடித்தார். அறையின் கடைசிச் சுவரில் விளக்குப் போட்ட எழுத்துப் பலகை. ஏழு வரி. முதல் வரியில் உள்ளங்கை அகலத்தில் ஒரே ஓர் எழுத்து. ஏழாவது வரி எறும்பு ஊர்வது போலிருக்கும். அந்தப் பலகையை அவர் தினமும் காலையில் ஈரத் துணியால் துடைப்பார். கடவுள் படத்தை அதற்குப் பிறகுதான் துடைப்பார்.

நெடுநெடுவென்ற உடம்பு, முன்னோக்கிய கூனல், சட்டைப் பையில் பேனாவுக்குப் பதில் சிறு டார்ச் விளக்கு. எவர் எதிரில் வந்து நின்றாலும் தம் இடது கண்ணை உள்ளங்கையால் மூடி ஒரு கணம் பார்ப்பார். பிறகு வலது கண்ணை மூடி ஒரு கணம் பார்ப்பார். அதன் பிறகே "வாங்க" என்பார். என்னையும் அப்படித்தான் முதலில் பார்த்தார். காரணம் கேட்டேன்.

"ரெண்டும் சேந்து பாத்தா, ஒண்ணு சோம்பேறித்தனம் பண்றத இன்னொண்ணு மறச்சிடுங்க சார். தனித்தனியா வெச்சி பாத்தா தான் எவன் வேல செய்றான்னு தெரியும்."

இந்த ஒரு கருத்தை அவர் கண்ணோடு நிறுத்திக்கொள்ளவில்லை. உலகம் முழுவதும் அதற்குள் அடங்கும் என்று நம்பினார். நன்றாக ஓடுவது எதுவோ அதைக் கொஞ்ச நாள் மூடி வை. ஓடாதது தானாக ஓடும். இதுவே அவர் வேதம். ஞாயிற்றுக்கிழமைகளில் படிப்பகத்தில் கேரம் ஆடும்போது எங்களையெல்லாம் இடக்கையால் ஆடச் சொல்வார். அவருடைய கடையில் கண்ணாடி அறுக்கும் தொழிலாளர் இருவரில் ஒருவர் கைதேர்ந்தவர், மற்றவர் மந்தம். கைதேர்ந்தவருக்குச் சம்பளத்தோடு ஒரு மாதம் விடுப்புக் கொடுத்து அனுப்பினார். அந்த மாதத்தில் ஊரில் பாதிப் பேர் பொருந்தாத கண்ணாடியோடு தடுமாறினார்கள் என்பது வேறு. மாதக் கடைசியில் மந்தமானவரும் தேர்ந்துவிட்டார்.

அரிசி ஆலைக்காரர் கதை இதைவிடப் பெரியது. அவருக்கு இரண்டு மகன்கள். மூத்தவன் ஆலையை ஓட்டினான்; இளையவன் மூட்டை மேல் படுத்துக் கிடந்தான். தந்தை கண் சோதிக்க வந்த இடத்தில் இதைச் சொல்லிப் புலம்பியிருக்கிறார்.

"பெரியவன ரெண்டு மாசம் மாமியார் ஊருக்கு அனுப்பி வைங்க."

"ஆலைய யாருங்க பாக்கறது?"

"யாரும் பாக்கலன்னா தான் சின்னவன் பாப்பான்."

அனுப்பினார்கள். இளையவன் எழுந்து உட்கார்ந்தான். எழுந்தவன் மறுபடி படுக்கவே இல்லை. இரண்டு மாதம் கழித்து மூத்தவன் திரும்பி வந்தபோது அவனுடைய நாற்காலி அவனுக்கு இல்லை. பிற்பாடு அவன் வாடகை லாரி ஓட்டினான். ஊர் இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. நானும் சிரித்தேன். மூடி வைக்கப்பட்டவனை யாரும் விசாரிக்கவில்லை என்பது அப்போது எனக்கும் தோன்றவில்லை.

அவர் எனக்கு நண்பரானார். இதை மறைக்க வேண்டியதில்லை. ஞாயிறு பிற்பகல் என் வீட்டுக்கு வருவார். என் மனைவி காபி கொடுப்பாள். நான் பேசுவேன், அவர் கேட்பார். எப்படிச் செய்வது என்று அவருக்குத் தெரியும்; ஏன் அப்படி நிகழ்கிறது என்று எனக்குத் தெரியும். கண் பார்ப்பதில்லை, மூளையின் பின்புறத்தில் உள்ள பார்வைப் புறணிதான் பார்க்கிறது என்பதை அவருக்கு நான் படம் வரைந்து விளக்கினேன். அங்கே உள்ள நரம்பணுக்களில் பெரும்பாலானவற்றுக்கு இரு கண்களிலிருந்தும் செய்தி வருகிறது. எந்தக் கண்ணின் செய்தி தெளிவாகவும் ஓயாமலும் வருகிறதோ அதன் இணைப்புகள் வலுப்படும். மங்கலாக வருவதன் இணைப்புகள் மெலிந்து, இடத்தை மற்றதற்கு விட்டுக்கொடுத்துவிடும். பிறகு அந்தக் கண்ணில் குறை ஒன்றும் இல்லாவிட்டாலும் அது பாராது. பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணை மூடி வைத்துச் செய்த ஆய்வைப் பற்றியும் சொன்னேன்.

அவருக்குப் புரிய வேண்டும் என்பதற்காக எங்கள் தெருவின் வேலையையே உவமையாகச் சொன்னேன். தறியில் நெடுக்காக ஓடும் இழைத் தொகுதியான பாவு பழையது தீரும்போது அதை முழுவதும் அறுத்தெடுக்க மாட்டார்கள். இழைகளைப் பிரித்து நிறுத்தும் அச்சுக்குப் பின்னால் முழ நீளம் விட்டுவைத்து, அதன் ஒவ்வோர் இழையோடும் புதிய பாவின் ஓர் இழையை விரலால் முறுக்கிச் சேர்ப்பார்கள். ஆயிரக்கணக்கான இழைகள். பட்டு வழுக்காமல் இருக்க விரலில் சாம்பலைத் தொட்டுக்கொள்வார்கள். நரம்பணுவோடு நரம்பணு சேர்வதும் இப்படித்தான், ஒவ்வோர் இழையாக என்றேன். அந்த உவமை என்னுடையது. இதை அழுத்திச் சொல்கிறேன்.

"அந்தப் பிணைப்புக்குக் காலம் உண்டு," என்றும் சொன்னேன். "எட்டு வயசுக்குள்ள. அதுக்கப்புறம் பாவு மாத்த முடியாது."

அவர் தம் ஒரு கண்ணை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

என் மகளுக்குப் பதினோரு வயது நடந்தபோது பள்ளியில் கண் பரிசோதித்தார்கள். வலது கண்ணை மூடியதும் அவள் அசையாமல் நின்றுவிட்டாளாம். மறுநாள் கண்ணாடிக்காரர் கடைக்கு அழைத்துப் போனேன். இடது கண்ணால் அவள் முதல் வரியின் அந்த ஒற்றை எழுத்தை மட்டும் வாசித்தாள். இரண்டாம் வரி தெரியவில்லை என்றாள். இரு கண்களின் பார்வைத் திறனிலும் பிறவியிலிருந்தே வேறுபாடு. வலது கண் எல்லா வேலையையும் செய்துவிட்டதால் இடது கண் பார்க்கவே கற்கவில்லை. உயிரியல் ஆசிரியன் வீட்டில், அவன் எதிரிலேயே, பதினோரு ஆண்டுகள் இது நடந்திருக்கிறது. எனக்கு ஏற்பட்டது துக்கமா அவமானமா என்று பிரித்துச் சொல்ல என்னால் இயலாது.

"பாத்துக்கலாங்க சார்," என்றார் அவர். "மூடிப் பாக்கலாம்."

"எட்டு வயசு தாண்டியாச்சு. வீண் வேலை. வலது கண்ணைக் காப்பாத்த ஒரு கண்ணாடி மட்டும் போட்டுக் கொடுங்க. இது வெளிய போக வேண்டாம்."

"சரிங்க," என்றார்.

கண்ணாடி வந்தது. பழுப்புச் சட்டம், பார்க்க ஒழுங்கான கண்ணாடி. பணம் கொடுத்து வாங்கி என் கையாலேயே அவளுக்கு மாட்டிவிட்டேன்.

சில வாரங்கள் கழித்து ஊரில் இலவசக் கண் முகாம் நடந்தது. நான் தலைமை. மேடையில் எனக்கு வலப்பக்கம் கண்ணாடிக்காரர். சோம்பல் கண் பற்றிப் பேசினேன். பிள்ளைகளுக்கு நாலு வயதிலேயே சோதிக்க வேண்டும், எட்டைத் தாண்டினால் பயனில்லை, தாண்டிய பிள்ளைகளின் கண்ணை மூடிப் பெற்றோர் அலைய வேண்டாம் என்றேன். கூட்டத்தின் நடுவிலிருந்து ஒரு பெண், பத்து வயதுச் சிறுமியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து வெளியே போனாள். முந்தானை வாயில் இருந்தது. வருந்தினேன், ஆனால் பொய்யான நம்பிக்கையைக் கொடுப்பதைவிட அது மேல் என்றே கருதினேன். முதலில் கைதட்டியவர் கண்ணாடிக்காரர். பலமாகத் தட்டினார்.

அதே ஆண்டில் என் மகள் படிப்பில் சரியத் தொடங்கினாள். கணக்கு ஆசிரியை நோட்டை எனக்குக் கொடுத்தனுப்பினார். கரும்பலகையில் எட்டு என்று இருப்பதை மூன்று என்று எழுதியிருந்தாள். கூட்டல் குறி கழித்தல் ஆகியிருந்தது. வரிகள் பாதியில் நின்றிருந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை முன்னறையில் அவளை நிறுத்திக் கேட்டேன். கண்ணாடிக்காரர் வழக்கமான நாற்காலியில் காபியோடு இருந்தார். என் மனைவி சமையலறை வாசலில் நின்றாள்.

"கண்ணாடி போட்டுகினு கூட போர்டு தெரியலையா?"

அவள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள்.

"கவனம் எங்க போகுது?"

கையை நீட்டச் சொன்னேன். மரப் பலகையால் விரல் முட்டியில் நாலு அடி கொடுத்தேன். அவளை அதற்கு முன் நான் அடித்ததில்லை. அவள் அழவில்லை. என்னைப் பார்க்கவுமில்லை. என்னைத் தாண்டிக் கண்ணாடிக்காரரை நிமிர்ந்து பார்த்தாள். அவர் காபி டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு மறுபடியும் எடுத்துக்கொண்டார்.

அந்த நாட்களில் அவளிடம் எனக்குப் பிடித்த ஒரு மாற்றமும் இருந்தது. மாலையில் கணக்கு டியூஷன் போய்விட்டுக் கோயில் வழியாக வருவதாகச் சொல்வாள். விரல் நுனிகளில் திருநீறு ஒட்டியிருக்கும். மதிப்பெண் குறைந்த பிள்ளைக்குப் பக்தி வந்திருக்கிறது என்று எண்ணி நான் தடுக்கவில்லை. உள்ளூர மகிழ்ந்தேன் என்றும் சொல்லலாம்.

ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. ஒரு நாள் தேவிகாபுரத்திலிருந்து பேருந்தில் திரும்பிக்கொண்டிருந்தேன். பக்கத்து இருக்கையில் ஒரு பெண், மடியில் கீரைக்கட்டு. அவளருகே கண்ணாடி போட்ட ஒரு சிறுமி சன்னலுக்கு வெளியே தெரிந்த விளம்பரப் பலகைகளையெல்லாம் உரக்க வாசித்தபடி வந்தாள். வலது கண்ணில் பஞ்சு வைத்து ஒட்டியிருந்தது.

"சும்மா வாடி, காது போவுது," என்று சிறுமியை அதட்டிவிட்டு அந்தப் பெண் என்னிடம் திரும்பினாள். "தப்பா நெனச்சிக்காதீங்க. போன வருசம் இந்தக் கண்ணு சுத்தமா படிக்காதுங்க. இப்ப படிச்சிகினே வருது, வாயே மூடல."

எங்கே காட்டினாய் என்று கேட்டேன்.

"ஆரணி தாங்க. ஒரு மீட்டிங்குல யாரோ ஒரு வாத்தியாரு மைக்க புடிச்சிகினு, இனிமே ஒண்ணும் ஆவாது, ஊட்டுக்கு போங்கன்னுட்டாரு. அழுதுகினே வந்துட்டேன். பின்னாடியே கண்ணாடிக் கடைக்காரரு ஓடியாந்தாரு. 'அம்மா, அவர் சொன்னது புஸ்தகம். நீ நாளிக்கு கடைக்கு வா'ன்னாரு. அந்த வாத்தியாரு பேச்ச கேட்டிருந்தா எம் பொண்ணு கெட்டிருக்கும்ங்க." பிறகு என் முகத்தைப் பார்த்து, "உங்களுக்கும் யாருக்காச்சும் பாக்கணுமா? நல்ல மனுசருங்க. போய்ப் பாருங்க," என்றாள்.

நான் யாரென்று சொல்லவில்லை. சொல்லி ஆகப் போவது ஒன்றுமில்லை.

பேருந்தை விட்டு இறங்கி நேரே அவர் கடைக்குப் போனேன். என் வாக்குக்கு மேடையில் வைத்துக் கைதட்டிவிட்டு அதை வாசலில் வைத்து அழித்தது ஏன் என்று கேட்பதுதான் என் எண்ணம். கடை பூட்டியிருந்தது. எதிரே டீக்கடைக்காரர் பாய்லரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இந்நேரம் அங்க தான் சார் இருப்பாரு. சரோஜாம்மா தறி வூட்ல. நம்ம பாப்பாவோட."

"எந்தப் பாப்பா?"

அவர் சிரித்தார். "இன்னா சார், தெரியாத மாதிரி கேக்குறீங்க. நம்ம பாப்பா தான், உங்க பாப்பா."

சரோஜா அம்மாளின் வீடு எங்களுக்கு அடுத்த தெரு. மூன்று தறிகள். என் தந்தை ஒரு காலத்தில் அந்த வீட்டில் கூலிக்கு நெய்தவர். என் வீட்டுப் பெண்ணின் கை தறிப் பக்கம் போகாது என்று நான் பலர் முன்னிலையில் சொல்லியிருக்கிறேன். உள்ளே நுழைந்தேன். நடுத் தறியில் பாவு மாற்றிக்கொண்டிருந்தார்கள். அங்கே என் மகள் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். வலது கண்ணைக் கறுப்பு ரவிக்கைத் துணியால் இறுகக் கட்டியிருந்தது. பக்கத்தில் ஒரு தேங்காய்ச் சிரட்டையில் சாம்பல். பழைய பாவில் ஓர் இழை, புதிய பாவில் ஓர் இழை, சாம்பலைத் தொட்டு ஒரு முறுக்கு. அடுத்தது. கண்ணாடிக்காரர் கைக்கடிகாரத்தைக் கையில் கழற்றி வைத்துக்கொண்டு அவள் தோளருகே நின்றிருந்தார்.

என்னைக் கண்டதும் அங்கிருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். என் மகளுக்கு நான் வந்தது தெரியவில்லை. கட்டிய கண் என் பக்கம் இருந்தது.

"எவ்வளவு நாளா நடக்குது இது?"

அவள் கை நின்றது. கண்ணாடிக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"இன்னும் ஏழு நிமிசம் இருக்குதுங்க சார். முடிச்சிட்டு பேசலாங்களா?"

"ஒக்காருங்க வாத்தியாரே," என்றார் சரோஜா அம்மாள். "மொதல்ல கழிவுப் பாவுல தான் வுட்டேன். இப்ப நல்ல பாவே குடுத்துர்றேன். எங்க வூட்டுப் பொண்ணுங்க கூட இப்டி இழ அறுக்காம சேக்காதுங்க."

நான் உட்காரவில்லை. ஏழு நிமிடம் நின்றேன். அந்த ஏழு நிமிடமும் அவளுடைய இடது கண்ணைப் பார்த்தேன். மயிரிழையினும் மெல்லிய பட்டில், பக்கத்துப் பக்கத்து நிறங்களில், அந்தக் கண் ஒன்றைத் தேடி, பற்றி, அடுத்ததற்கு நகர்ந்தது. ஒருமுறை தவறவிட்டது, திரும்பிப் போய்ப் பிடித்தது. நான் முடிந்துபோனது என்று எழுதிக் கையெழுத்திட்ட கண் அது. அதைக் கண்டு நான் மகிழ்ந்திருக்க வேண்டும். மகிழவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கண்ணாடிக்காரரும் நானும் தெருவுக்கு வந்தோம். அவரே எல்லாவற்றையும் சொன்னார், எதையும் குறைக்கவில்லை. நான் மாட்டிவிட்ட அந்தக் கண்ணாடியில் வலது பக்க வில்லையை வேண்டுமென்றே பொருந்தாத பவரில் வெட்டியிருக்கிறார். தூரத்தில் உள்ளது வலது கண்ணுக்கு மங்க வேண்டும், கரும்பலகையை இடது கண்தான் படித்தாக வேண்டும் என்பது ஏற்பாடு. எட்டு மூன்றானது அதனால். மாலையில் கண்ணைக் கட்டி அரை மணி நேரம் பாவு பிணைப்பு. வலது கண் கெடாமலிருக்க வாரம் ஒருமுறை அதையும் சோதித்திருக்கிறார். டியூஷன் என்ற பெயரை வைத்தவள் என் மனைவி.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்."

"சொன்னா நீங்க புஸ்தகத்த எடுப்பீங்க சார். புஸ்தகத்துக்கு எனக்கு பதில் சொல்லத் தெரியாது."

"மேடையில கை தட்டுனீங்களே."

"நல்லா பேசுனீங்க. அதுக்கு தட்டுனேன்."

"என் எதிர்லயே ஒக்காந்திருந்தீங்க. நான் அவள அடிச்சேன். காபி குடிச்சிகினு ஒக்காந்திருந்தீங்க."

அவர் சட்டைப் பையிலிருந்த டார்ச்சை எடுத்து, பகல் வெளிச்சத்திலேயே ஏற்றி அணைத்தார்.

"அன்னிக்கி எனக்கு சோறு எறங்கலைங்க," என்றார். பிறகு, அவருடைய வேதத்தைச் சொன்னார். "கோவிச்சிக்காதீங்க சார். உங்க ஊட்ல நல்லா ஓடுற கண்ணு நீங்க. நீங்க தொறந்திருக்கிற வரைக்கும் அம்மாவும் பாப்பாவும் எதையும் பாக்க மாட்டாங்க. பாக்கவே தேவ இல்ல இல்லீங்களா? அதான் கொஞ்ச நாளைக்கு உங்கள மூடி வெச்சேன்."

அரிசி ஆலைக்காரரின் மூத்த மகன் அப்போது என் நினைவுக்கு வந்தான்.

வீட்டில் என் மனைவி அடுப்பைப் பார்த்தபடியே பேசினாள். இருபது ஆண்டு இல்வாழ்க்கையில் அவள் அவ்வளவு நீளமாகப் பேசியது அன்றுதான். "இன்னா பண்ணச் சொல்றீங்க? நான் கேட்டேன். ஏதாச்சும் பாருங்கன்னேன். எட்டு வயசு தாண்டிடுச்சின்னு ஒரு வார்த்தைல முடிச்சிட்டு பேப்பர எடுத்துகினீங்க. பத்து மாசம் சொமந்தவளுக்கு ஒரு வார்த்த பத்துமா? அவரு ஆவும்னும் சொல்லல, ஆவாதுன்னும் சொல்லல. செஞ்சி பாக்கலாம்மான்னாரு. அதான்."

சிகிச்சையை நான் நிறுத்தவில்லை. அந்த அளவுக்கு அறிவிழந்தவன் அல்லன். டியூஷன் என்ற பொய்ப் பெயரை மட்டும் நீக்கச் சொன்னேன். பள்ளிக்குக் கடிதம் எழுதி அவளை முதல் வரிசையில் உட்கார வைத்தேன். ஆனால் கண்ணாடிக்காரர் அதன் பிறகு என் வீட்டு நாற்காலியில் உட்காரவில்லை. ஞாயிற்றுக்கிழமை இரண்டு முறை வந்து வாசலில் நின்றார். நான் புத்தகத்திலிருந்து தலையை எடுக்கவில்லை. மூன்றாம் வாரம் வரவில்லை. பேருந்து நிலையம் போகும்போது நான் எதிர்ப்புற நடைபாதையில் போனேன். அவர் கடைக்குள்ளிருந்து ஒரு கண்ணைக் கையால் மூடி என்னைப் பார்ப்பது தெரியும்.

இணைப்புகள் வாழ்நாளின் முற்பகுதியோடு இறுகிவிடுவதில்லை, வளர்ந்த பிள்ளைகளிடத்திலும் ஓரளவு நெகிழ்வு மிஞ்சியிருக்கிறது என்று பின்னாளில் வந்த நூல்கள் சொல்கின்றன. இரண்டாயிரத்துக்குப் பிறகு அவற்றை வாங்கி வரிவரியாகப் படித்தேன். நான் கற்ற காலத்தில் நூல் அப்படி இல்லை. நான் சொன்னது அன்றைய நூலில் இருந்ததைத்தான். இதற்காக நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. ஆனால் என் துயரம் நூலைப் பற்றியது அன்று. ஊருக்கெல்லாம் தெரிந்திருந்தது. டீக்கடைக்காரருக்குத் தெரிந்திருந்தது. என் தந்தை கூலிக்கு நெய்த வீட்டுக்குத் தெரிந்திருந்தது. எனக்கு மட்டும் சொல்லாமல், நான் பெற்ற பிள்ளையை என் கையாலேயே அடிக்க வைத்தார்கள்.

மகளுக்குத் திருமணமாகி, முதல் பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருந்தபோது அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி ஒரே ஒரு முறை கேட்டேன். "அவர் அன்னைக்கு வாயைத் திறந்திருக்கலாம். உன்னைக் காப்பாத்தணும்னு தோணலையே."

அவள் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தாள்.

"தொறக்கப் போனாருப்பா. டம்ளர கீழ வெச்சிட்டு சொல்லத்தான் வந்தாரு. நான் தான் பாத்தேன், வேணாம்னு."

"ஏன்?"

"சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பீங்க."

அந்தப் பார்வையை அதுவரை நான் முறையீடு என்று எண்ணியிருந்தேன். அது கட்டளை. இது தெரிந்த பிறகும் என் தீர்ப்பு மாறவில்லை. அவர் நாற்பது கடந்தவர். என் வீட்டில் உண்டவர். பன்னிரண்டு வயது நிரம்பாத பெண்ணின் பார்வைக்குக் கட்டுப்பட்டேன் என்பது அவருக்கு விடுதலை ஆகாது. மாறியது ஒன்றுதான். முன்பு அந்த வழக்கில் ஒருவர் இருந்தார். இப்போது மூவர் இருக்கிறார்கள். இருவர் என் வீட்டிலேயே இருந்தவர்கள்.

சில ஆண்டுகளில் கண்ணாடிக் கடை இருந்த கட்டடத்தை இடித்து வணிக வளாகம் கட்டினார்கள். கண்ணாடிக்காரர் கடையைக் காலி செய்துகொண்டு செய்யாறு பக்கம் போய்விட்டார். போகிற அன்று டீக்கடைக்காரர் ஒரு நீண்ட பொட்டலத்தோடு என் வீட்டுக்கு வந்தார். "சார்ட்ட குடுத்துடுன்னாரு. வேற ஒண்ணும் சொல்லல." செய்தித்தாளைப் பிரித்தேன். எழுத்துப் பலகை. துடைத்துத் துடைத்து முதல் வரியின் ஓரம் வெளிறியிருந்தது.

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் இதைப் பற்றி ஊரில் பேசுகிறார்கள். என் காதுக்கு வந்தவரை இங்கே திருத்தி வைக்கிறேன். நான் மனுக் கொடுத்து அவரை ஊரை விட்டுத் துரத்தியதாகச் சொல்கிறார்கள். நான் எந்த மனுவும் கொடுக்கவில்லை, கட்டடம் இடிபட்டது. செய்யாறுக்குப் போய் அவரிடம் வருத்தம் தெரிவித்ததாகச் சொல்கிறார்கள். போகவில்லை. அவருடைய நினைவுக்காகப் பலகையை என் அறையில் மாட்டியிருப்பதாகச் சொல்கிறார்கள். நினைவுக்காக அல்ல, என் மகள் ஆண்டுக்கு ஒருமுறை பொங்கலுக்கு வரும்போது சோதிப்பதற்காக. அவளுடைய இடது கண் முற்றிலும் குணமாகிவிட்டது என்பதும் தவறு. ஐந்தாம் வரி வரை வாசிக்கிறாள். சென்ற பொங்கலுக்கும் ஐந்தாம் வரிதான்.